பெரிய ற-வால் வந்த வினை

அஜ்மான்,
மாசி 7

அன்புள்ள உமாராணி அக்காவுக்கு,

பதினோரு நாளாக நீ போனை எடுக்காத தம்பி சங்கரன் எழுதுவது. இங்கே நானும் நளினியும், மகள் ஷ்ருதியும், மாப்பிள்ளை விஷாலும், வீட்டை ஆட்டிவைக்கும் புதுப் பேத்தியும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

லீவில் ஊருக்கு வரும் அருள்முருகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கிழித்துப் போட்டால் துண்டுகளையாவது பொறுக்கி வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

குற்றவாளி நான்தான். கண்ணாடி போடாமல் குடும்பக் குழுவில் டைப் அடித்தேன். ‘பேத்திக்குப் பெயர் சோரா’ என்று வரவேண்டியது, சின்ன ர இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ற விழுந்து, ‘சோறா’ என்று போய்விட்டது. சித்தப்பா உடனே ‘என்ன குழம்பு?’ என்று கேட்டார். அடுத்த நிமிஷம் ‘உமாராணி வெளியேறினார்’ என்று வந்தது. அத்தான் போய் வருஷம் திரும்பவில்லை. குழந்தைக்கு அவர் பேர் வரும் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாய். கேலி செய்கிறோம் என்றுதானே நினைத்தாய்?

என் லட்சணத்தைக் கேள். ஆஸ்பத்திரியில் ஷ்ருதி, “அப்பா, சோரா” என்றதும், “இப்பதாம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டேன்” என்றேன். பக்கத்து ஃபிளாட் ஜுலைஹா பீவி, குழந்தை பேரைக் கேட்டுவிட்டு, “சோறா? மொதல்ல பல்லு மொளைக்கட்டும் தங்கச்சி” என்று நளினியைக் கண்டித்துவிட்டுப் போனார்.

ஷ்ருதி ரெண்டு வருஷம் ஒசாகாவில் வேலை பார்த்தாள் அல்லவா? அங்கே அவளோடு வேலை செய்த பையன் ஒரு சோரா. மாடிவீட்டுப் பெண்குழந்தை இன்னொரு சோரா. ஜப்பானில் ஆண், பெண் இருவருக்கும் வைப்பார்களாம், பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. சொல் பழையது; பேராக வைப்பது இப்போது ரொம்பப் பிரபலம். பொருள், ஆகாயம்.

இங்கே ஒரு வாய் தண்ணீர் குடி அக்கா. அத்தான் பேர் என்ன? சிதம்பரம். அம்பரம் என்றால்? அதே ஆகாயம்! கல்யாணமான புதிதில் சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கியதும், “உள்ள ஒண்ணுமே இல்லையே” என்று நீ கேட்டு, அத்தான் சிரித்த கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாய். சோராவை எழுதும் ஜப்பானிய எழுத்துக்கு ஆகாயம் என்றும் பொருளாம், ஒன்றுமில்லாத வெளி என்றும் பொருளாம். இதைக் கேட்டு உன் தம்பி வெங்காயம் அரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆணோ பெண்ணோ, எதுவானாலும் மாமா பேர்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, எங்களிடம்கூட மூச்சு விடவில்லை கள்ளி ஷ்ருதி. நாலு வருஷம் உன் வீட்டிலிருந்து காலேஜ் போனவள். நான் இங்கே டூட்டியில் இருந்தேன். டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியவர் அத்தான். எனக்கு ரொம்பப் பெருமை அக்கா. துளியூண்டு பொறாமையும்.

பர்த் சர்டிபிகேட்டில் பேர் ஏறிவிட்டது. குழந்தை காதில் மூன்று தடவை சொல்வதுதான் பாக்கி. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லை. இருந்தாலும் விடமாட்டாளாம், “என் அத்தைதான் சொல்லணும்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் ஷ்ருதி. உன் விசா இத்துடன் இருக்கிறது.

வாய் தவறிப் பெரிய ற வந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஷ்ருதி காலேஜ் விட்டுப் படியேறும்போதே, “மோர் சோறா, கொழம்பு சோறா?” என்று குரல் கொடுத்தவர்தானே அத்தான்.

வந்து கூப்பிடு அக்கா. அதுவரை நாங்கள் பேத்தியை வெறும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

பெரிய ற போட்ட உன் தம்பி,
சங்கரன்