சேர்த்துப் படுக்க வைத்தவர்கள்

பிப்ரவரி 3

இன்று வேலைக்குத் திரும்பினேன். கழுவும் அறையில் என் முக்காலி அதே இடத்தில்தான் கிடந்தது. பக்கத்து முக்காலிக்காரியை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். "வா. உன் பங்குப் பானை ஓட்டையும் நானே கழுவி, கை ஊறி ஊறிப் பஞ்சாயிடுச்சு" என்றாள். மகள் எப்படிப் போனாள், கடைசியில் என்ன சொன்னாள் என்று இதுவரை பார்த்த எல்லோரும் கேட்டார்கள். இவள் கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும்.

சாயங்காலம் வரை, மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய பானை ஓடு. இரண்டு வாளித் தண்ணீர், பல் தேய்க்கிற பிரஷ், காய வைக்கச் சல்லடைத் தட்டு. கையில் வேலை இருந்தால் மனசு கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது.

பிப்ரவரி 5

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8

மகளின் தாய்மாமன் வந்திருந்தார். அவளைப் பெற்றுவிட்டு முன்பே போய்ச் சேர்ந்தவளின் அண்ணன். தாயையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்திருப்பதால், இருவருக்கும் சேர்த்து ஒரே கல்லாக நட்டுவிடலாம் என்றார். என்ன வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அப்பா பேரு, அம்மா பேரு, அவ பேரு. வேற என்ன?"

என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின பிறகும் ஆற்றினார்.

மூணு வயசுல என் இடுப்புல ஏறினவ. பன்னெண்டு வரைக்கும் இறங்கவே இல்ல. சித்தி சித்தின்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சா. ஆஸ்பத்திரில யார் மேல வாந்தி எடுத்தா? என் மேலதானே. கல்லுல மட்டும் நான் யாரும் இல்லையா?

தாய்மாமன் கெட்டவர் இல்லை. அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சை விட்டு நகராமல் கிடந்தவர். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 15

புதுச் சாலைக்கு மண் வெட்டியபோது கிடைத்த பழைய ஊர் இது. இரும்பு வருவதற்கு முந்திய மனிதர்கள் என்று, தோண்டும் வேலையை நடத்துகிற மேடம் சொல்வார். இன்று ஒரு கல்லறையை அப்படியே மண்ணோடு, சுற்றிலும் மாவுக்கட்டுப் போட்டு, பெயர்த்துக் கொண்டுவந்து அறையில் இறக்கினார்கள்.

ஒரு பெண், ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அவள் மேல்கையில் ஒரு குழந்தையின் தலை.

எலும்புகளைப் பார்த்துச் சொல்கிறவருக்கு எலும்பு சார் என்று பெயர் வைத்ததும் வாயாடிதான். அவர் என்னிடம் வந்து மெதுவாக, "உங்களுக்குத்தான்மா கை இலேசு. ஆனா முடியாதுன்னா சொல்லிடுங்க. பானை ஓடு நிறையக் கிடக்கு" என்றார்.

முடியும் என்றேன். மென்மையான பிரஷும் மூங்கில் குச்சியும் கொடுத்தார். இதற்குத் தண்ணீர் ஆகாது. நெற்றியில் மண்ணைத் தள்ளும்போது, என்னையறியாமல் ஊதினேன். கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே, அப்படி.

என்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்தாரே. அதற்காகவே அவரை மறக்க மாட்டேன்.

மார்ச் 2

எல்லோரும் "தாயும் பிள்ளையும்" என்றே சொல்கிறார்கள். பத்திரிகையில் படம் வந்தது. கண்காட்சி அறைக்குப் பலகைகூட எழுதி வந்துவிட்டது. காலையில் போனதும் முதலில் அந்த இருவரையும் பார்க்கிறேன். பிறகுதான் முக்காலி.

மே 19

பரிசோதனை முடிவு வந்தது. காதுக்கு உள்பக்கத்து எலும்பில் துளி பொடி எடுத்து அனுப்பியிருந்தார்கள். டி.என்.ஏ. சேரவில்லை. அவள் தாய் இல்லை. அத்தை, பெரியம்மா என்று எந்த வகையிலும் ரத்த உறவு இல்லையாம்.

மேடத்துக்கு முகம் விழுந்துவிட்டது. பலகையைக் கழற்றச் சொன்னார்.

"செத்து நாலாயிரம் வருஷம் கழிச்சு உறவு விசாரிக்கிறாங்க, சம்பந்தம் பேசப் போறாப்புல" என்று வாயாடி முணுமுணுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். உன்னையும் கழட்டிட்டாங்களாடி. உன் பேரையும் எடுத்துட்டாங்களா.

மே 20

எலும்பு சார் நேற்று நான் அழுததைப் பார்த்திருக்கிறார். இன்று பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெண்ணின் கைக்கு அடியில் காட்டினார். ஒரு தட்டைக் கல். கை நழுவாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"செத்தவங்க தானா இப்படிப் படுத்துக்க முடியாதும்மா. யாரோ கையை மடக்கி, கல்லை வச்சு, பிள்ளைத் தலையைத் தூக்கி வச்சிருக்காங்க. அந்த ஊர்ல யார் பிள்ளை யாருன்னு தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் வச்சிருக்காங்க."

"அப்ப வளர்த்தவளா சார்?"

"இருக்கலாம். அண்ணியா இருக்கலாம். ஒரே காய்ச்சல்ல போன பக்கத்து வீட்டுக்காரியாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியும். வச்சவங்களுக்கு இது சரின்னு பட்டிருக்கு."

அவர் பொய் சொல்லித் தேற்றவில்லை. அதுதான் தேற்றியது.

மே 21

இவ்வளவு நாளாகப் படுத்திருக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றவர்களை நினைக்கவே இல்லை. குழியைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்களோ. ஒருத்தராவது, "இவ பெத்தவ இல்லையே, எதுக்கு இங்க வைக்கிறீங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் மற்றவர்கள் காதில் வாங்கவில்லை. குனிந்து கல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் யாரோ. நீங்கள் யாராக இருந்தாலும் சரி, உங்களுக்குக் கும்பிடு.

தூங்கும் முன் பெற்றவளையும் நினைத்தேன். நீ பத்து மாதம் சுமந்து எனக்கு விட்டுவிட்டுப் போனாய். நீ இல்லாமல் எனக்கு ஏது அவள்.

ஜூன் 6

நானே தாய்மாமனுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உள்ள விடுறாங்கண்ணா. வந்து பாருங்க." "சரி" என்றார்.

ஜூன் 9

தாய்மாமனும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எலும்பு சார் எல்லாருக்கும் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தையின் பல்லில், சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் தங்கியிருக்கிறதாம். அது இந்த ஊர்த் தண்ணீர் இல்லை. எங்கிருந்தோ வந்த பிள்ளை.

தாய்மாமன் கேட்டார்: "அப்ப பெத்தவ எங்க?"

"தெரியல சார். நமக்குக் கிடைக்கல."

"ஒருத்தருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவர் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அவளை மறந்தே போயிட்டாங்க" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் என்னை ஒதுக்கவில்லை. தங்கச்சி தொலைந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். இது தெரியாமல் நான் எத்தனை நாள் கரித்துக் கொட்டினேன்.

வெளியே வந்து சொன்னேன். "நம்ம வீட்ல அப்படி இல்லண்ணா. நம்ம பொண்ணு தூங்கறதுக்கு முன்னாடி அவங்கம்மா போட்டோகிட்டப் பேசிட்டுத்தான் படுப்பா. கணக்குல எவ்வளவு மார்க், யாரோட சண்டை, எல்லாம். சின்னதுல நான்தான் தூக்கிட்டுப் போய்க் காட்டிப் பழக்கினேன்."

"எனக்குத் தெரியாதே" என்றார். "யாரும் சொல்லலையே."

கல்லில் அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்றும் சொன்னேன். மனசோடுதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 14

புதுப் பலகை மாட்டியாயிற்று. "ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும். சேர்த்துப் படுக்க வைக்கப்பட்டவர்கள்." வாயாடி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது தேவலை" என்றாள்.

ஜூலை 28

கல் நட்டார்கள். மூன்று பெயர், ஆழமாக, நன்றாக வெட்டியிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் பெற்றவள். மகளுக்கு மறுபக்கம் வெற்றிடம். அங்கே சுற்றிலும் நாலு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

தாய்மாமன் செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "கல்லறை ஆபீஸ்ல இந்த இடத்தை உன் பேர்ல எழுதிட்டேன் தங்கச்சி. அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா வா."

என் வீட்டுக்காரர், "அப்ப நான் எங்க போறது?" என்றார்.

"காலடியில இடம் இருக்கு மாப்பிள. டீ ஆத்திக்கிட்டே இருங்க."

சிரித்துவிட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அந்தக் கயிற்றுக்குள் போய், அவள் பக்கமாகத் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.