புத்தகம் கேட்கச் சொன்ன ஆள்

பம்பாய்
12.8.87

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

நான் நலம். அரும்பாவூரில் மழை உண்டா? அப்பாவுக்கு இருமல் தேவலையா?

ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தில் அடிப்படை எதுவும் இல்லை. எந்தச் சந்தேகத்துக்கும் "நிர்வாகியைக் கேட்கவும்" என்கிறது. அந்த நிர்வாகி சாமிதுரை மாசியில் இறந்துவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். தினமும் திரை "வணக்கம் சாமிதுரை" என்கிறது. பெயரை மாற்ற இங்கே யாருக்கும் தெரியாது. அதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டுமாம்.

நேற்று மத்தியானம் முதுகுக்குப் பின்னால், "சாமிதுரை, சாப்புட்டியா?" என்று கேட்டது. "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். யாரும் இல்லை. அசதியாக இருக்கும், பயப்படாதே.

பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. எப்போதும் "என்னங்க" என்றுதானே எழுதுவாய்? இந்த ஒரு தடவை என் பெயரை எழுதிக் கூப்பிடு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்
பாலசுந்தரம்