பதினோராவது கையெழுத்து

குவேர்ன்லியா பண்ணை,
பிப்ரவரி 9

அன்புள்ள சிந்த்ரேவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. பெர்த்தில் வெயில் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் மேல் இருக்கும் எரிச்சலில் நலம் விசாரிக்கவே கை வரவில்லை.

டெஸ்ஃபாய் நம் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள நவம்பரில் அனுப்பிய சம்மதப் படிவம் என்ன ஆயிற்று? நம் பெயரோடு நார்வே பதிவேட்டில் இருப்பவர்கள் எண்ணிப் பதினோரு பேர், இவ்வளவு அரிதான பெயரை வெளியாள் ஒருவர் எடுக்க வேண்டுமானால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது சட்டம். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. யாருக்கும் கதவைத் திறக்காத உன் பெரியப்பா ஓட்வாரே போட்டுவிட்டார், "இதுக்கெல்லாமா கடுதாசி அனுப்புவீங்க, அவன் எப்பவோ குவேர்ன்லியா ஆயிட்டான்னுல்ல நெனச்சேன்" என்று ஃபோனில் எனக்குத் திட்டு வேறு. நீ மட்டும் "ரத்த சம்பந்தம் இல்லாதவனுக்கு நம்ம பேரு எதுக்கும்மா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாய்.

டெஸ்ஃபாய் எரித்ரியாவிலிருந்து வந்து நம் தொழுவத்தில் வேலைக்கு நிற்பது இது பதினான்காவது குளிர்காலம். ஏப்ரல் மூன்றாம் தேதி அவன் கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறது, அதற்குள் குடும்பப் பெயரைப் பதிய வேண்டும். அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும், அதனால் அவனுக்கு ஒன்று, மனைவி ராஹேலுக்கு ஒன்று, மூத்தவளுக்கு இன்னொன்று. போன மாதம் மூத்தவளோடு விமானம் ஏறப் போனவனை, பெயர் ஒத்துவரவில்லை, இது உன் பிள்ளைதானா என்று ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் என் மடியில் உட்கார்ந்து, "நான் யாரு பிள்ளை?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது, நீயே சொல்.

ரத்தம் என்கிறாயே, குவேர்ன்லியா என்றால் மாவு ஆலை நின்ற மலைச்சரிவு, அவ்வளவுதான், அது நிலத்தின் பெயர். உன் கொள்ளுத்தாத்தா மத்தியாஸ், லார்ஸின் மகன் என்பதால் லார்சென், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து இங்கே கூலிக்கு வந்த ஆள். பண்ணைக்காரர் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்ததும் பண்ணை இவர் கைக்கு வந்தது, பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மின்னசோட்டா குவேர்ன்லியாக்களோடு ரத்தம் பொருந்துகிறதா என்று மரபணுச் சோதனைக்குக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பி, அவர்கள் போலிகள் என்று எழுதினாயே, அவர்கள் யார் தெரியுமா? கீழ்க்குடிசையில் இருந்துகொண்டு நம் வயல் கல்லையெல்லாம் பொறுக்கியவர்களின் வம்சம். எங்கிருந்து வருகிறாய் என்று அமெரிக்காவில் கேட்டபோது வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? அது டகோட்டாவுக்கும் கனடாவுக்கும் போய் நாலு விதமாக எழுதப்பட்டு இன்றைக்கும் ஓடுகிறது, யாரும் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. எனக்கு மட்டும் என்ன ரத்தம்? நான் கடற்கரைக்காரி, உன் அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளில் வந்தது இந்தப் பெயர்.

டெஸ்ஃபாயிடம் சொன்னால் "விடுங்க கூட்ரூன், எனக்காக மகனோட சண்டை போடாதீங்க" என்கிறான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பெற்ற பிள்ளையின் பிடிவாதத்துக்காக அவன் முன்னால் தலை குனிந்து நிற்கிறேன், வெட்கமாக இருக்கிறது சிந்த்ரே.

சுரங்கத்துக்குள்ளும் வெளியிலும் கடவுள் உன்னைக் காப்பாராக, எவ்வளவு திட்டினாலும் நீ என் பிள்ளை. படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன், கிடைத்த அன்றே திருப்பி அனுப்பு. ஒன்றை மறந்துவிடாதே, கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படத்தில் உன் கழுத்தில் தொங்கிய வேலை அட்டையில் சிந்த்ரே லீ என்று இருந்தது, அங்கே யார் வாயிலும் நம் பெயர் நுழையாததால் அப்படிச் சுருக்கிக்கொண்டதாகச் சொன்னாய். லீ என்று போட்டால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். உனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நம் பெயரைக் கையெழுத்துக் கோட்டின் மேல் பென்சிலால் மெல்லிசாக எழுதியிருக்கிறேன், அதன் மேலேயே பேனாவை ஓட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
கூட்ரூன் குவேர்ன்லியா