பந்து தெரியவில்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ டிவிக்குப் போட்டுக் கொடுத்த எச்.டி. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. தினமும் அதன் முன்னால் உட்காருகிறார், தினமும் திட்டுகிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? முப்பது வருடம் கால்பந்து மைதானத்தில் கோட்டோரம் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்த மனிதர், யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை என்பது உனக்கும் தெரியும்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனி எழுது என்றாய். சரி, எழுதுகிறேன். எனக்கும் அதுதான் வசதி.

போன வருடக் கடைசியில் அப்பா உன்னிடம், "இப்பல்லாம் பந்து சரியாத் தெரியலடா" என்றார். நீ உடனே எச்.டி. போட்டாய். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் தொகுப்பை மாற்றியதும் அவர் வழக்கமாகப் பார்க்கும் விளையாட்டுச் சானல் போய்விட்டது. அதே சானல் எச்.டி.யில் வருகிறது, வர்ணனை மட்டும் ஆங்கிலத்தில். தமிழ் வர்ணனை பழைய சானலுக்குத்தானாம். அதிலும் முக்கியமான ஆட்டங்கள் இன்னொரு எச்.டி. சானலில் வருகின்றன, அது நம் தொகுப்பில் இல்லை. லேசாகத் தூறினால் போதும், திரை கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. "இதுக்குப் பழசே தேவலாம், பந்து சுத்தமாத் தெரியல" என்கிறார்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், கணக்கு உன் பெயரில் இருப்பதால் என்னிடம் பேச மாட்டார்களாம். ஓடிபி உன் போனுக்கு வரும், பத்து நிமிடத்துக்குள் நான் அதைச் சொல்ல வேண்டும். நீயோ அந்த நேரத்தில் விமான நிலையத்தில் யாருடைய பெட்டியோ எந்த விமானத்துக்கோ போகாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட முடியுமா என்று பார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள புரொபசர் அக்காவுக்கு,

பெயர் மாற்ற நான் நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இப்போதைக்கு முடியாது. புதுப் பெட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். டிஷ்ஷையும் வந்து சரிபார்ப்பார்கள். இங்கே நான் பார்க்கும்போது புல் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நம் வீட்டில் மட்டும் பந்து எப்படித் தெரியாமல் போகும்? கம்பெனிக்காரனை விடாதே. ஆதாரத்தோடு கேள். உன்னை விட்டால் அதற்கு ஆள் கிடையாது.

கழுகை நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

கழுகு என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். வாயோரம் சிரித்தார். அவரை அப்படிக் கூப்பிட்ட நடுவர்களில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம் என்றார்.

புதுப் பெட்டி வந்தது, பிறகு அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. டிஷ்ஷை இரண்டு விரல்கடை திருப்பிவைத்தார்கள். வயரை மாற்றினார்கள். நீ சொன்னபடி ஆதாரம் சேர்க்கிறேன். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவளுக்கு இது ஒரு வேலையா? ஒரு நோட்டில் தேதி, ஆட்டத்தின் நிமிடம், படம் உடைந்ததா, உறைந்ததா, மங்கியதா, வெளியே மழை உண்டா இல்லையா எல்லாம் குறித்துவைக்கிறேன். பதினேழு ஆட்டங்களில் நாற்பத்தொரு முறை. அதில் பன்னிரண்டுதான் மழை நாட்களில். மழைதான் காரணம் என்று அவர்கள் சொல்வது பொய். சாதாரணப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி அதற்கு எச்.டி. என்று பெயர் வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதி அனுப்பினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு வரி வந்தது.

அப்பா இப்போதெல்லாம் டிவிக்கு நேராக உட்காருவதில்லை. நாற்காலியைச் சுவரோரம் போட்டு, தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்க்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "லைன்ஸ்மேன் எங்கடி நேரா நின்னு பாத்திருக்கான்? கோட்டோட நின்னுதான் பாக்கணும்" என்றார். வயதாக ஆகப் பழைய உத்தியோகம் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது போலிருக்கிறது.

ஒரு நாள், "சின்னவன் எப்ப வரான்?" என்றார். நீ எழுதுவாய் என்றேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நோட்டைப் படமெடுத்து அனுப்பு, நான் மேலிடத்தில் பேசுகிறேன். அசந்துபோய்விட்டேன். லைன்ஸ்மேன் கதையை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

வருவது பற்றி: விடுமுறைக் கூட்டம் தொடங்கிவிட்டது. யாருக்கும் லீவு இல்லை.

தம்பி


மே 19

தம்பிக்கு,

இதை நிதானமாக உட்கார்ந்து படி.

போன திங்கட்கிழமை மூன்றாவது தடவையாக டெக்னீஷியன் வந்தார். மாலை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, சோதனைக்காக என்று ஏதோ அழுத்திப் பழைய சானலைப் போட்டார். படம் கலங்கல் தண்ணீர் மாதிரி இருந்தது. தமிழ் வர்ணனை வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆங், இப்பத் தெளிவா இருக்கு. இதைத்தானே நாலு மாசமா சொல்றேன்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெற்றி. எச்.டி. என்பதே மோசடி என்று ஒரு லைன்ஸ்மேனின் வாயாலேயே நிரூபணம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். டெக்னீஷியனிடம் சொல்லவும் சொன்னேன். அவர் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"மேடம், பெட்டியில கோளாறு உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஐயாகிட்ட ஸ்கோர் என்னன்னு ஒரு தடவை கேளுங்க."

திரும்பி வந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். "அப்பா, ஸ்கோர் என்ன?" என்று கேட்டேன். திரையின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு எழுதியிருந்தது. அப்பா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு, "நீதான் பாத்துட்டிருக்கியே, என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார்.

மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். விழித்திரையின் நடுவில் ரத்தக் கசிவு. வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் மட்டும் தெரியும். அதற்குத்தான் அந்தச் சாய்வு. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. மாதம் ஒரு ஊசி. "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வலதையும் கொஞ்சம் புடிச்சு நிறுத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். கேட்பவர்களை நோகடிக்கக் கூடாது என்று பழகிய குரல்.

பழைய சானலில் அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, தம்பி. வர்ணனையைக் கேட்டுக்கொண்டு பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். நீ எச்.டி. போட்டாய், குரல் போயிற்று. நான் நோட்டுப் போட்டேன். நாற்பத்தொரு தடவை திரையைப் பார்த்துக் குறித்தவள், ஒரு தடவைகூட நாற்காலியைப் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "கண்ணு தெரியலேன்னு லைன்ஸ்மேன் சொல்லுவானா?" என்றார்.

இரண்டு காரியம். ஒன்று, பழைய சானலைத் திரும்பப் போட வேண்டும். டெக்னீஷியன் சோதனைக்குப் போட்டது அவர் படியிறங்குவதற்குள் நின்றுவிட்டது. அதற்கு உன் ஓடிபி வேண்டும். இரண்டாவது, நீ வர வேண்டும். இடது கண்ணில் இன்னும் கைக்கெட்டும் தூரத்துக்கு முகம் தெரிகிறது. அதற்கு மேல் இல்லை. அது எத்தனை நாள் நிற்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. "சின்னவனை ஒரு தடவை கிட்டத்துல பாத்துடறேன்" என்கிறார். நான்கு வருடமாகிறது. ஒரு வாரம் போதும்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே வீட்டில் இருக்கிறாய், தினமும் பார்க்கிறாய், இத்தனை படித்திருக்கிறாய். உனக்கே தெரியவில்லை என்றால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

லீவு உறுதியாகக் கிடையாது. ஆகஸ்டு தாண்டட்டும், பார்க்கலாம். ஆனால் சும்மா இருக்கவில்லை. அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும். அதிலேயே கேமரா இருக்கிறது. என் முகம் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பந்தும் தெரியும். இந்தத் தடவை என்னைக் குறை சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன்.

சானல் விஷயம் ஞாபகம் இருக்கிறது. செய்கிறேன்.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை நடந்தது உனக்கும் தெரியும், இருந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பத்து மணிக்கு நீ டிவியில் வருவாய் என்றதும் அப்பா எட்டு மணிக்கே சவரம் செய்துகொண்டார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியைத் திரைக்கு ஒரு கை தூரத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை பெரிய திரையில், அவ்வளவு கிட்டத்தில், உன் முகம் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

"அப்பா, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாய்.

"தெரியுதுடா, பிரமாதமா இருக்கு. உன் மீசைகூடத் தெரியுது" என்றார். ஐந்து மாதமாக எச்.டி.யில் எதையும் நல்லது என்று சொல்லாதவர்.

உனக்கு மீசை இல்லை. எப்போது எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா அப்படிச் சொன்னதும் உன் கை மேலுதட்டுக்குப் போனது. ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அப்ப சரி, ஆகஸ்டு வரைக்கும் இதுலயே பாத்துக்கலாம்" என்றாய்.

நீ வாங்கிக் கொடுத்த எச்.டி.யில் முதல் தடவையாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, எனக்கு. அந்த விரல்கள் உட்பட. உனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அப்படியே மூடிவைத்துவிட்டாய். முன்பு செய்ததெல்லாம் தெரியாமல் செய்தது, என்னைப் போலவே. இது அப்படியில்லை.

பேசி முடித்த பிறகு அப்பா என்னிடம் கேட்டார்: "மீசை வச்சிருந்தான்ல?" இருந்தது என்றேன். "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே, வேலையில இருக்கறவன்" என்றார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்குத் தெரியாத எதையும் நான் இங்கே சொல்லிவிடவில்லை.

நீ வருவதைப் பற்றி இனி எழுத மாட்டேன். கேட்க மாட்டேன். பழைய சானல் ஒன்றுதான் பாக்கி.

ஜூன் 8

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

காலை பத்தேகாலுக்கு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, பழைய சானலுக்கு மாற்றச் சொன்னேன். உன் போனுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். உனக்கு மெசேஜ் போட்டேன், இரண்டு தடவை கூப்பிட்டேன். இன்று உன் வார விடுமுறை, நீயே நேற்றுச் சொன்னது. மெசேஜைப் பார்த்துவிட்டாய் என்று காட்டியது. ஓடிபியை அனுப்பினால் அப்பாவுக்குத் திரை தெரியவில்லை என்று நீயும் ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால்தானே? பத்து நிமிடம் முடிந்தது. அந்தப் பெண், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள். வேண்டாம் என்றேன்.

மாலை ஆறு மணிக்கு ஆட்டம். கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டேன். யார் கையில் பந்து, சேச்சே, யார் காலில் பந்து, எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் வேகமாகச் சொல் என்றார். முப்பத்தோராவது நிமிடத்தில் மைதானமே கூச்சல் போட்டது. கோல் என்றேன்.

"கொடி தூக்கினானா?"

"இல்லப்பா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. அந்த நேரம் நான் அவருடைய கன்னத்து வெட்டுக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் செல்லாது, ஆங்கில வர்ணனையில் ஆஃப்சைடு என்று வந்தது. அந்த ஒரு சொல் எந்த வர்ணனையில் வந்தாலும் அப்பாவுக்குப் புரியும்.

"கொடி தூக்கியிருக்கான். நீ என்னத்தப் பாத்தே?" என்றார்.

இரண்டாவது பாதி முழுக்கத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. உன்னிடமிருந்து ஓடிபி வரவில்லை.

அக்கா