சட்டைப் பையில் நொறுங்கிய வெள்ளைக் கட்டி

இன்று காலை மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, கடைசி வளைவுக்குக் கீழே வெள்ளைக்கல் ஏற்றிய லாரி ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் போனது. அதன் தூசி ஜன்னல் வழியே வந்து என் உள்ளங்கையில் படிந்தது. நீ செத்துப் பல வருஷமாகிறது. உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நல்லதாக எதையும் எதிர்பார்க்காதே.

உன்னை ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன் என்று ஊர் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். நீ தொங்கிப் பழகிய கம்பியை முதலில் கட்டியவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், வெள்ளக்கடைக்குப் பக்கத்து எஸ்டேட்டில், கழித்துப் போட்ட தண்ணீர்க் குழாய் ஒன்றை இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டினேன். விழுந்தால் தாங்க, கீழே காப்பிப்பழத் தோலைக் குவித்தேன். சொல்லித்தர யாரும் இல்லை. மளிகை கட்டி வந்த காகிதத்தில் ஒரு படம் இருந்தது: கம்பிக்கு மேலே, இரண்டு கையையும் விட்டுவிட்டு, தலைகீழாக ஒருவன். படத்தில் இருந்தது ஒரு நொடிதான். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதை இரண்டு வருஷம் விழுந்து விழுந்து நானே கண்டுபிடித்தேன். கையை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் கம்பியைப் பிடிப்பது. பஜாரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நீ, பிறகு கூடவே தொங்கினாய்.

பெரிய போட்டிகளில் கைக்கு வெள்ளைப் பொடி பூசுவார்கள் என்று கேள்விப்பட்டோம். மலையடிச் சூளையில் சுட்ட வெள்ளைக்கல் தூளைக் கொண்டுவந்து பூசினோம். "உலகமே நம்ம ஊருக் கல்லைத்தான் பூசுதுங்ணா" என்று நீ பெருமைப்பட்டாய். அது வேறு, இது வேறு என்று இருவருக்கும் தெரியவில்லை. உள்ளங்கை அரித்து வெடித்தது. வெடிப்பின் மேலேயே மறுபடியும் பூசினோம்.

மாவட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மெட்ராஸ் போய் அந்தப் பொடியின் அசல் கட்டி ஒன்றோடு வந்தாய். சோப்பு அளவு, பஞ்சு போலக் கனமே இல்லை. "மாமா ஊட்டுல குடுத்தாங்க. நொம்ப மெதுவா இருக்குதுங்ணா" என்று என் மூக்கருகே நீட்டிக் காட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்டாய்.

சேலத்தில் தேர்வு. மாநிலப் போட்டிக்கு ஒருவன்தான் போக முடியும். என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளங்கை வெடிப்பெல்லாம் ஈரம்.

"கண்ணு, அந்தக் கட்டியில கொஞ்சம் குடு."

"தீந்து போச்சுங்ணா. நேத்தே."

நம்பி ஏறினேன். சுற்றி வந்த கை கம்பியைத் தொட்டது, பிடிக்கவில்லை. விரிப்பைத் தாண்டிப் போய் விழுந்தேன். வலது முழங்கை தரையில் மோதி முறிந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவன் நீ. மார்போடு அணைத்துத் தூக்கினாய். நம் இருவர் மார்புக்கும் நடுவே, உன் சட்டைப் பையில், ஏதோ நொறுங்கியது. என் பனியனெல்லாம் வெள்ளை. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். "அசையாதீங்ணா, ஒண்ணுமில்ல" என்றாய்.

பிறகு போய், மிஞ்சிய பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு, என் சுற்றைச் சுற்றினாய். நீ வழுக்கி விழ வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டினேன். விழவில்லை.

அதற்குப் பிறகு மெடல், மெட்ராஸில் வேலை, தேசியப் போட்டியில் தங்கம். மாலையோடு ஜீப்பில் நம் ஊர் ஏரியைச் சுற்றி வந்து மைக்கில் பேசினாய்: "வெள்ளக்கடையில ஒரு அண்ணா இருக்காருங்க, ஆரம்பத்துல கூட நின்னவரு." கூட நின்றவனாம். பெயர்கூட இல்லை. என் பக்கத்தில் நின்ற, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிரித்தான்: "ஏனுங்க, நீங்களும் தொங்குனீங்களாமா? எதுல, பஸ்ஸுக்குப் பின்னாடியா?" மடங்கிய கையோடு நானும் சிரித்துவைத்தேன். மெடலை விட்டாலும் விடுவேன், அந்தச் சிரிப்புக்கு உன்னை விடமாட்டேன்.

தொண்ணூறுகளில் தோள் இரண்டும் போய், ஈரலும் போய், மலைக்கே திரும்பினாய். மூன்று முறை ஆள் அனுப்பினாய். மூன்றாம் முறை வந்தேன். கம்பியையே வளைத்த கைகளால் போர்வையை இழுக்க முடியவில்லை. எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். உன் மனைவி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னாய்.

"அன்னைக்குப் பையிலதான் இருந்துச்சுங்ணா."

"தெரியும்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்ணா. கொஞ்சம் மனசு இருந்தா."

"தீந்து போச்சு கண்ணு. அன்னைக்கே."

உன் கண் என் முகத்தைவிட்டு இறங்கி என் சட்டைப் பையில் போய் நின்றது. நான்காம் நாள் செத்துப்போனாய்.

செத்தவனிடம் என்ன பகை என்கிறார்கள். என் முழங்கை இன்னும் நிமிரவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியை இடது கையால்தான் பிடிக்கிறேன். அந்த நாள் திரும்பி வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் ஒன்றை எழுதிவைக்கிறேன். உன் வீட்டுப் படி ஏறும்போதே அந்த வார்த்தையை எடுத்து வைத்திருந்தேன். நீ கேட்டபோது என்னிடம் இருந்தது. இன்னும் இருக்கிறது.