போடாத டெண்டருக்கு முதுநிலைச் சான்று கோரி மேல்முறையீடு

விடுநர்
டெண்டர் பிரிவு மூத்த எழுத்தர்,
லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனம்.
(முதுநிலைச் சான்றுத் தேர்வு விண்ணப்பதாரர்)

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
ஒப்பந்தப்புள்ளி மேலாண்மைத் தொழிற்சான்று வாரியம்.

பொருள்: முதுநிலைச் சான்றுக்கான வாய்மொழித் தேர்வில் என் பணி "ஏற்கத்தக்கதல்ல" என்று அளிக்கப்பட்ட முடிவை நீக்கி, அதே பணியின் மீது மறு அமர்வு நடத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: தேர்வுக் குழுவின் முடிவுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். பிறர் எழுதிக் கொடுத்த டெண்டர்களைத் தட்டித் தட்டியே டெண்டர் எழுதக் கற்றுக்கொண்டேன். கல்லூரிக்குப் போனதில்லை. வாரியத்தின் அடிப்படைச் சான்றையும் இடைநிலைச் சான்றையும், வாரியத்தின் பாடநூலைப் பேருந்தில் படித்தே பெற்றேன். அட்டை கிழிந்துபோனதால் அந்த நூலுக்குப் பழைய காலண்டர் தாள் போட்டு வைத்திருக்கிறேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. ஓய்வு பெறப்போகும் வயதில் முதுநிலைச் சான்று எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். என் மகளும் கேட்டாள். "மாட்டி வைக்க சுவர்ல இடம்கூட இல்லையேம்மா" என்றாள். சுவருக்காக நான் அதைக் கேட்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் ஒரு டெண்டரைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடக்கும். அதில் டெண்டர் பிரிவின் கையெழுத்து இல்லாமல் எந்த டெண்டரும் வெளியே போகாது. இத்தனை காலமாக அது என் கையெழுத்து. இனிமேல் முதுநிலைச் சான்று பெற்றவர் மட்டுமே கையெழுத்திடலாம் என்று நிர்வாகம் விதி செய்திருக்கிறது. விதி நல்லதுதான். அதை ஆதரித்து நானே பேசினேன். எனக்குச் சான்று கிடைத்துவிடும் என்ற தைரியத்தில்தான் பேசினேன் என்பதும் உண்மை.

3. முதுநிலைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பதாரர் தம் நிறுவனத்தின் டெண்டர் வேலையில் தாமே கொண்டுவந்த ஒரு மாற்றத்தை அறிக்கையாக எழுதி, ஆவணங்களை இணைத்து, மூவர் குழுவின் முன் விளக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பணி, எங்கள் நிறுவனம் போடாமல் விட்ட ஒரு டெண்டர்.

4. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் உள்ள பெரிய மருத்துவமனையின் லிஃப்ட்டுகள் எல்லாவற்றையும் பராமரிக்கும் டெண்டர் அது. கிடைத்தால் நிறுவனத்துக்குப் பெரிய பெயர். நிபந்தனைகளில் ஒன்று, ஆள் உள்ளே இருக்கும்போது லிஃப்ட் நின்றுவிட்டால் அரை மணி நேரத்துக்குள் மெக்கானிக் அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே "இணங்குகிறோம்", "இணங்கவில்லை" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எங்கள் தொழிலில் இரண்டாவது கட்டத்தை யாரும் தொடுவதில்லை. படித்துப் பார்க்காமலேயே முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துக்கொண்டு போவதுதான் பழக்கம். நானும் அப்படி எத்தனையோ தாள்களைத் தட்டியிருக்கிறேன்.

5. எங்கள் விற்பனை மேலாளர் அதற்கு ஒரு பழைய வாக்கியம் வைத்திருக்கிறார். "எல்லாரும் இணங்குறோம்னுதாங்க போடுவாங்க. ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்." ஜெயித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவரை லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. அதனால் ஒரு வேலை செய்தேன். எங்கள் தலைமை மெக்கானிக்கை ஒரு சாதாரண திங்கட்கிழமை காலையில், கருவிப் பையோடு, அந்த மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லி அனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை. கூட்ட அறையில் முதலாளி, விற்பனை மேலாளர், நான் மூவரும் காத்திருந்தோம். அரை மணி நேரம் எப்போதோ கடந்துபோனது. தேநீர் ஆறி, மறுபடியும் சூடாக வந்து, அதுவும் ஆறிய பிறகு போன் வந்தது. "அம்மா, இன்னும் பாலத்துலதான் நிக்கிறேன். முன்னாடி ஒரு லாரிக்காரர் டயர் மாத்திட்டு இருக்காரு. சும்மா நிக்கிறதுக்கு நானும் போய் ஜாக்கி புடிச்சுட்டு இருக்கேன்" என்றார்.

7. அந்த ஊரிலேயே ஒரு மெக்கானிக்கைக் குடிவைத்தால் போயிற்று என்று மேலாளர் சொன்னார். அதற்கும் மெக்கானிக்குகளையே அழைத்துக் கேட்டோம். தலைமை மெக்கானிக், "யாருங்க போவா? எனக்கு முட்டி போச்சு. இவனுக்கு இப்பதான் கொழந்த பொறந்திருக்கு. அவனுக்குப் பொண்டாட்டி வேல இங்க" என்று ஒவ்வொருவராகக் கைகாட்டிக்கொண்டே போனார். கடைசியில் அவர் கை மேலாளரிடம் வந்து நின்றது. முதலாளியே சிரித்துவிட்டார். நான் கையெழுத்திடவில்லை. டெண்டர் போகவில்லை. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த மூன்று தடித்த தொகுதிகளும் இப்போது விற்பனை மேலாளரின் கணினித் திரைக்கு உயரம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவர் இன்றும் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

8. அன்று முதல் எங்கள் நிறுவனத்தில் ஒரு முறை நடைமுறையில் இருக்கிறது. டெண்டர் எழுதத் தொடங்கும் முன், வேலை செய்யப்போகிறவர்கள் அறைக்கு வருவார்கள். நிபந்தனைகளைச் சட்டமொழியில் இல்லாமல் பேச்சுத் தமிழில் வாய்விட்டுப் படிப்போம். செய்ய வேண்டியவர் தம் வாயால் "செய்யறேன்" என்றால்தான் நாங்கள் "இணங்குகிறோம்" என்று எழுதுவோம். முதல் சில கூட்டங்களில் அவர்கள் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். இப்போது எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். சண்டை அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. போடும் டெண்டர்கள் குறைந்துவிட்டன. வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் அபராத நோட்டீசுகளும் குறைந்துவிட்டன. இதுவே நான் கொண்டுவந்த மாற்றம். நோட்டீசுகளின் நகல்களையும் கூட்டக் குறிப்புகளையும் அறிக்கையோடு இணைத்திருந்தேன்.

9. இனி, முடிவுக் கடிதத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் நான்காம் இணைப்பாக, "வாடிக்கையாளருக்குச் சமர்ப்பித்த டெண்டரின் நகல்" கேட்கப்பட்டிருந்தது. எங்கள் தொழிலில் ஓர் இணைப்பு எண் கேட்கப்பட்டால் அந்த எண்ணில் ஒரு தாள் இருந்தாக வேண்டும். பொருந்தாதென்றால் பொருந்தாதென்று எழுதி, காரணம் சொல்லி, ஒப்பமிட்டு வைக்க வேண்டும். எண் விடுபட்டால் மொத்த டெண்டரும் தள்ளுபடி. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் வாரியத்தின் நூல்தான். ஆகவே நான்காம் எண்ணில் ஒரு தாள் வைத்தேன். "இப்பணியில் டெண்டர் சமர்ப்பிக்கப்படவில்லை. சமர்ப்பிக்காமல் நிறுத்தியதே பணி" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டேன். குழு இதை "வெறுந்தாள்" என்று குறித்திருக்கிறது. எழுத்தும் ஒப்பமும் முத்திரையும் உள்ள ஒரு தாளை வெறுந்தாள் என்று சொல்வதற்கு என்னால் இணங்க முடியாது. அத்தாளின் நகலை இம்மனுவோடு வைத்திருக்கிறேன். தாங்களே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

10. வாய்மொழித் தேர்வு நடந்த அறை குளிராக இருந்தது. குழுவினர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். குழுவில் இருந்த அம்மையார் என் அறிக்கையை முழுவதும் படித்திருந்தார். பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் தெரிந்தன. மெக்கானிக் பயந்துகொண்டு முடியும் என்று பொய் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. கட்டாயம் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்காமல் அனுப்பிப் பார்த்தேன் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். குழுவிலேயே இளையவர் மட்டும், "போட்டாத்தானே மேடம் டெண்டர்? போடாததுக்கு நாங்க எதுக்கு மார்க் போடறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பே, போடாதது பணியாகாது என்று, கடிதத்தில் காரணமாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

11. வாரியத்தின் பாடநூலில் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் போடலாமா வேண்டாமா என்ற முடிவைப் பற்றியது. தன்னால் செய்ய முடியாத வேலைக்கு டெண்டர் போடாமல் நிறுத்துவது இத்தொழிலின் முதற்கடமை என்று அதில் அச்சிட்டிருக்கிறது. இடைநிலைத் தேர்வில் இதையே கேள்வியாகக் கேட்டார்கள். எழுதினேன், முழு மதிப்பெண் கொடுத்தார்கள். இடைநிலையில் எழுதிக் காட்டியபோது சரியாக இருந்தது, முதுநிலையில் செய்து காட்டியபோது எப்படித் தவறாகிவிட்டது என்பதற்கு முடிவுக் கடிதத்தில் விளக்கம் இல்லை.

12. குழுத் தலைவர் இன்னொன்றும் கேட்டார். அந்த டெண்டரை எடுத்த வேறு நிறுவனம் இப்போது நன்றாகத்தானே நடத்துகிறது என்றார். ஆம், நன்றாக நடத்துகிறது. மருத்துவமனைக்கு நானே போன் செய்து விசாரித்து, அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பட்டறை மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருக்கிறது. அவர்களுடைய மெக்கானிக்குகள் நடந்தே போய்விடுவார்கள். அவர்கள் இணங்குகிறோம் என்று எழுதியது உண்மை. நாங்கள் எழுதியிருந்தால் பொய். அவர்கள் நன்றாக நடத்துவதால் என் முடிவு தவறாகிவிடாது. அவர்கள் நடத்த முடியாமல் தவறியிருந்தால் எனக்குச் சான்று கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. அப்படிக் கிடைக்கும் சான்று எனக்கு வேண்டாம்.

13. அடுத்து எழுதப்போவதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேர்வு முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குழுத் தலைவர் தாமே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மா, உங்க ஆபீஸ் ஒரு பள்ளிக்கூட லிஃப்ட் டெண்டர் ஜெயிச்சிருக்கு இல்ல? அதை எழுதிக் கொண்டாங்க. அடுத்த தடவை பாஸ் பண்ணிடலாம்" என்றார். பள்ளிக்கூட டெண்டரை எழுதியது என் பக்கத்து மேசைக்காரப் பெண். அதில் என் பங்கு பக்க எண்களைச் சரிபார்த்தது மட்டுமே. அதையும் சொன்னேன். "யாரு பாக்கப் போறா" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். இதை நான் ஊழல் புகாராக எழுதவில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அங்கேயே பதில் சொல்லிவிட்டு வந்திருப்பேன், இந்த மனுவுக்கே தேவை இருந்திருக்காது. செய்யாததைச் செய்தேன் என்று டிக் அடித்தால் தேர்ச்சி, செய்ததை உள்ளபடி எழுதினால் தோல்வி என்பதை ஒரு நல்ல மனிதரே சாதாரணமாகச் சொல்லும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டது என்பதே என் புகார்.

14. என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்வுக்கு முன் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டே தேர்வுக் குழுவின் இடத்தில் உட்கார்ந்து என் விளக்கத்தைப் பலமுறை கேட்டவர். "நீ சொல்றதக் கேட்டா, நான் ஓட்டுன பாதி வண்டிய எடுத்திருக்கவே கூடாதுன்னு தோணுது" என்பார். முடிவு வந்த அன்று அவரும், பள்ளிக்கூட டெண்டரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சான்றை வாங்கிக்கொள்ளேன் என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை அவராகவே கடைக்குப் போய் மனுவுக்கு நல்ல தாள் வாங்கிவந்து வைத்தார். வீட்டில் வழக்கு முடிந்துவிட்டது. தங்களிடம்தான் நிலுவையில் இருக்கிறது.

15. இதில் அவசரம் உண்டு. அடுத்த மாதம் எங்கள் கூட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லத்தின் லிஃப்ட் பராமரிப்பு டெண்டர் வருகிறது. அதே நிபந்தனை, இன்னும் குறைந்த நேரம். விற்பனை மேலாளர் இப்போதே டெண்டர் தொகுதியின் அட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சான்று இல்லையென்றால், முதுநிலைச் சான்று பெற்ற வெளி ஆலோசகர் ஒருவரைக் கணினித் திரைவழியே அழைத்துக் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. அவர் எங்கள் மெக்கானிக்குகளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒருவேளை அந்த டெண்டரைப் போடலாம் என்றே முடிவாகலாம். மெக்கானிக்குகள் செய்வோம் என்றால் நானே கையெழுத்திடுவேன். அவர்களைக் கேட்காமல் அது போகக் கூடாது.

16. ஆகவே நான் கோருவது:

(அ) "வெறுந்தாள்" என்ற குறிப்பை என் கோப்பிலிருந்து நீக்க வேண்டும்.

(ஆ) அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன், அதே அறிக்கை, அதே இணைப்புகளோடு எனக்கு மறு அமர்வு அளிக்க வேண்டும். முந்தைய குழுவில் இருந்த அம்மையார் இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருந்தால் நல்லது.

(இ) இவை இயலாதென்றால், டெண்டரைப் போடாமல் நிறுத்துவதை வாரியம் ஒரு பணியாக ஏற்பதில்லை என்று எழுத்தில் தர வேண்டும். அப்படித் தந்தால் மூன்றாம் அத்தியாயத்தையும் நூலிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.

17. வயதைக் கருதிச் சலுகை கேட்கவில்லை. என் அறிக்கையில் உண்மையான குறை இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், தலைவணங்கி வாங்கிக்கொண்டு, திருத்தி, மறுபடியும் வருவேன். வேறொருவர் வேலையை என் பெயரில் எடுத்துக்கொண்டு மட்டும் வரமாட்டேன். அந்தக் கூட்டத்துக்கு முன் தங்கள் பதில் வராவிட்டால், கையெழுத்திடும் உரிமை இல்லாமலே நான் அந்த அறைக்குள் போய் உட்காருவேன். வெளியே போகச் சொன்னால், போகச் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்வேன். எழுதி, அதில் அவர்கள் கையெழுத்திடும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன். அந்த நிலை ஏற்படாமல் தாங்கள் விரைந்து ஆவன செய்ய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: டெண்டர் பிரிவு, மூன்றாம் தளம், ஜன்னலோர மேசை.
நாள்: முடிவுக் கடிதம் கிடைத்த வாரத்தின் வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முதுநிலைச் சான்றுத் தேர்வு விண்ணப்பதாரர்