சோலைமலை மச்சானின் நாற்காலி

சிவகாசி,
ஆவணி முதல் ஞாயிறு.

அன்புள்ள தேவிக்கு,

நானும் பிரீத்திகாவும் இங்கே சுகம். நீயும் தன்பாத்தில் சுகமாக, முடிந்தவரை தரைக்கு மேலேயே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ புருவத்தை நெரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. உன் அண்ணன் பெயரை எடுத்தாலே, "அது ஆபீஸ் விசயம்ங்க" என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பிரித்தால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து அச்சகத்தில் மூச்சுவிட நேரமில்லை. இந்த வருஷமும் முருகன் படத்துக்குத்தான் கிராக்கி. ஒரு மிட்டாய்க் கம்பெனிக்காரர் முருகனுக்குப் பக்கத்தில் தன் புது லாரி நிற்க வேண்டும் என்றார். அப்படியானால் மயிலை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். நாளைக்கு வந்துவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரீத்திகாவிடம் உன் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மா பள்ளத்துக்குள்ள போயி எல்லாரையும் வையும்" என்றாளாம். இப்போது அப்படிப் பள்ளத்துக்குள் போய் வைகிற சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர்களை வைகிற பெரிய அதிகாரி ஆகிவிட்டாய் என்று திருத்திச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது இன்னும் பிடித்துப்போனது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன், நம் சோலைமலை மச்சானின் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போட்ட தடை வியாழக்கிழமை நீங்கிவிட்டது. ஆகவே இனி நான் சொன்னாலும் குற்றமில்லை, நீ கேட்டாலும் குற்றமில்லை. அந்தப் பைல் உன் மேசைக்கு வரக்கூடாது, வேறொருவர் பார்க்கட்டும் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். அதனால் உங்கள் ஆபீஸில் இந்தக் கதை தெரியாத ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம், உனக்குக் கீழே வேலை பார்க்கும் இன்ஸ்பெக்டர் ராம்குமார் ஆலங்குளம் பக்கம் வருகிறார் என்று மச்சானுக்குத் தெரிந்ததுதான் ஆரம்பம். தங்கச்சி ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது, சும்மா இருப்பாரா? ரோஜா மாலை, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எல்லாம் தயார். பிள்ளை பிறந்தாலும் வெடி, பஸ் விட்டாலும் வெடி என்று வாழ்கிற ஊர் அல்லவா நம்முடையது? ஜீப் குவாரிக்குள் நுழைந்ததும் வாசலில் பத்தாயிரம் வாலாவைப் பற்ற வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பாறைக்கு வைக்க வேண்டிய வெடிமருந்துப் பெட்டி கொஞ்ச தூரத்தில்தான் இருந்திருக்கிறது. ராம்குமார் ஜீப்பிலிருந்து குதித்து, மாலையோடு நின்றவரைத் தாண்டி அந்தப் பெட்டியைப் பார்த்து ஓடினாராம். ஆளை விட்டுப் பெட்டியைத் தூரமாக நகர்த்திவிட்டுத் திரும்பி வந்து, முகமெல்லாம் வேர்க்க, யார் பற்ற வைத்தது என்று கேட்டிருக்கிறார். உன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தான் சார். உங்களுக்காகத்தான்" என்றாராம்! இதை எனக்குச் சொன்னது அங்கே கல் உடைக்கும் ஆவுடைத்தாய். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். பரோட்டாவை இன்ஸ்பெக்டர் தொடவில்லை. வேலையாட்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

வெடியை விடு. படி படியாக வெட்ட வேண்டிய பாறைச் சுவர் பனைமர உயரத்துக்கு நேராக நின்றது, உச்சியில் ஒரு பெரிய பாறை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன் நிழலில் மச்சானின் நீல பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் அந்தப் பாறையை இறக்கு, சுவரைப் படியாக வெட்டு, தூசிக்குத் தண்ணீர் தெளி, எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடு, அதுவரை கல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார் ராம்குமார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி உன் அண்ணன் என்னைப் பாடாய்ப் படுத்தியதும், நீ பைலையே தள்ளி வைத்ததும், "கூடப்பெறந்தவளே கை கழுவிட்டா. மருமக காதுகுத்துக்கு வேற மடியப் பாத்துக்கோங்க" என்று அவர் சொல்லிவிட்டதும். தாய்மாமன் மடிக்கு மாற்று மடி ஏது? வைகாசியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்த காதுகுத்து நின்றுபோனது. அன்றைக்குப் போனில் நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உன் அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, தேவி.

அவர் வீம்புக்குப் பாறையை விட்டுவிட்டுத் தண்ணீர், எக்ஸ்ரே வேலைகளை முதலில் செய்தார். எக்ஸ்ரே எடுத்து எல்லாருக்கும் நெஞ்சு சுத்தம் என்று வந்தது. ஆவுடைத்தாய் அந்தப் படத்தைத் தெருவெல்லாம் காட்டினாள். மச்சானோ தினமும் குவாரிக்குப் போய், யாரும் போகக் கூடாதென்று கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். "எங்கய்யா காலத்துல இருந்து நிக்கிற பாறை. எங்கிட்டுப் போயிரப் போகுது?" என்பார். மதியச் சாப்பாடும் அங்கேதான், அதற்குப் பிந்தைய தூக்கமும் அங்கேதான்.

ஆடி பிறந்ததும் வேறு வழியில்லாமல் பாறையை இறக்க ஆள் வைத்தார். உத்தரவுப்படி சிவப்புக் கொடி நட்டு எல்லாரையும் தூரமாக நிறுத்தினார்கள். நாற்காலியை எடுக்கவா என்று வேலையாள் முனியசாமி கேட்டதற்கு, கிடக்கட்டும் என்று மச்சான் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் என் அச்சகத்துக்குள் வந்து, காலண்டர் கட்டுகளுக்கு மேலே எதையோ வைத்தார். அப்பளமாகத் தட்டையாகிப்போன நீல பிளாஸ்டிக். முதலில் எனக்கு அது என்னவென்றே புரியவில்லை.

"பாறையத் தட்டக்கூட இல்ல மாப்ள. இடிக்கிற வண்டி பக்கத்துல போன அதிர்வுக்கே விழுந்திருச்சு" என்றார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு, "தேவிக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார். அவள் பைலையே பார்க்கவில்லை மச்சான், பார்த்தால் உங்களுக்காக மனசு இளகி எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்று பயந்துதான் தள்ளி வைத்தாள் என்றேன். அவ்வளவுதான். மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு ராப்பகலாக நின்று சுவரைப் படியாக வெட்டி முடித்தார். இப்போது உன் அண்ணனின் அட்டகாசம் தாங்க முடியவில்லை! நசுங்கிய நாற்காலியைக் குவாரி வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். கல் ஏற்ற வருகிற லாரி டிரைவர்களை, அதைக் காட்டி ஹெல்மெட் போட வைக்காமல் உள்ளே விடுவதில்லை. வியாழக்கிழமை தடையை நீக்க வந்த ராம்குமாருக்கே தலைக்கவசப் பட்டை சரியில்லையென்று தானே இழுத்து மாட்டிவிட்டாராம். ராம்குமார் அன்றைக்குப் பரோட்டா சாப்பிட்டார்.

காதுகுத்து ஆவணி மூன்றாம் ஞாயிறு, அதே இருக்கன்குடியில். நாள் பார்க்க நான் அடித்த காலண்டரையே பார்த்தேன். சீர்த்தட்டுகளுக்கு மச்சான் சொல்லிவிட்டார். வெடியும் உண்டாம். ஆனால் பாறைக்கு வெடி வைக்குமுன் ஊதுகிற குவாரிச் சங்கைக் கோயில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து ஊதி, நாலு பக்கமும் சிவப்புக் கொடி நட்டு, கூட்டத்தை விலக்கிய பிறகுதான் பற்ற வைப்பாராம். ஆத்தா வந்து யாராவது சாமியாடுவதற்குக்கூட இவரிடம் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது.

நேற்று வீட்டுக்கு வந்தவரின் மேல் பிரீத்திகா ஏறி விளையாடினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, தொடையைத் தட்டிக் காட்டினார். "மடி பத்திரமா இருக்கு மாப்ள. வரச் சொல்லுங்க" என்றார். பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் மச்சான் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கேட்டது உன்னை.

நீயும் நீ அனுப்புகிற ஒவ்வொருவரும் இறங்கிய பள்ளத்திலிருந்து பத்திரமாக ஏறிவர இருக்கன்குடியாள் துணையிருக்கட்டும். லீவு கேட்கக் கூச்சப்படாதே, தேவி. அந்த மடியில் பிள்ளை உட்காரும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சண்முகவேல்